ஏசிஇ ‘டி/டி’ என்று வந்துவிட்டால் ரத்த அழுத்தம் வந்தே தீருமா?

கேள்வி: எனக்கு 44 வயது. ஆறு வருடமாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன், மூன்று மாதச் சராசரி 7.2. அப்பாவுக்கு 40 வயதுக்குள் பிரஷர் வந்தது, பிறகு சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனார். அந்தப் பயத்தில் எச்சில் மாதிரி அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். ஏசிஇ மரபணு ‘டி/டி’, ஆஞ்சியோடென்சினோஜன் மரபணுவில் 235-ஆம் இடத்தில் இரு பிரதியிலும் த்ரியோனின், ஆகவே ‘உயர் ரத்த அழுத்த ஆபத்து அதிகம்’ என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை வந்திருக்கிறது. கடைசியாக இரண்டு முறை டாக்டரிடம் பார்த்தபோது 138/86, 132/82 இருந்தது. வீட்டில் ஒருமுறை பார்த்ததில் 124/78. மரபணுவிலேயே இருந்தால் உப்பைக் குறைத்து என்ன பயன்? இப்போதே மாத்திரையை ஆரம்பித்தால் தடுக்க முடியுமா? 16 வயது மகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: வரப்போகும் ஆபத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது சிவப்பு எழுத்தில் அல்ல, 138/86, 132/82 என்ற இரண்டு எண்களில்தான். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வெவ்வேறு நாட்களில் முறையாக அளந்த அழுத்தம் 130/80 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் ரத்த அழுத்தம் என்றே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் கொள்கிறது. அந்தக் கணக்குப்படி, மரபணு ‘வரலாம்’ என்று சொல்வது ஏற்கெனவே வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வீட்டில் வந்த 124/78 அதை மறுக்கவும் இல்லை, ஏனென்றால் அது ஒரே ஒரு அளவு. ஆகவே உங்களுடைய முதல் வேலை அழுத்தத்தைச் சரியாக அளந்து முடிவுக்கு வருவது. அதற்கு முன், அறிக்கையில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். பயம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏசிஇ என்பது ஆஞ்சியோடென்சின்-1 என்ற பொருளை, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றும் நொதி. அதற்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவுக்குள், புரதமாக மாறாத ஒரு பகுதியில், சிலருக்கு 287 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு செருகப்பட்டிருக்கும், சிலருக்கு இருக்காது. இருந்தால் ‘ஐ’, இல்லாவிட்டால் ‘டி’. அம்மாவிடமிருந்து வந்த பிரதியிலும் அப்பாவிடமிருந்து வந்த பிரதியிலும் உங்களுக்கு அந்தத் துண்டு இல்லை, அதைத்தான் ‘டி/டி’ என்கிறார்கள். இது நோயும் அல்ல, அரிய பிறழ்வும் அல்ல. உலகின் எந்த மக்கள் கூட்டத்தை எடுத்தாலும் இது சகஜமாகக் காணப்படும்.

டி/டி உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த நொதி, ஐ/ஐ உள்ளவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். இது 1990-லேயே தெரிந்துவிட்டது. நொதி அதிகம், ஆகவே ஆஞ்சியோடென்சின்-2 அதிகம், ஆகவே அழுத்தம் அதிகம் என்று மனம் உடனே ஒரு கோடு போட்டுவிடும். உடல் அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை. இந்தச் சங்கிலியின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏசிஇ அல்ல, அதற்கு முந்தைய படியில், ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின்-1 ஆக்கும், சிறுநீரகம் சுரக்கும் ரெனின். ஆஞ்சியோடென்சின்-2 கொஞ்சம் கூடினால் சிறுநீரகம் ரெனினைக் குறைத்துச் சமன் செய்துவிடும்.

எலிகளில் இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். ஏசிஇ மரபணுவின் பிரதியை ஒன்று, இரண்டு, மூன்று என மாற்றியபோது நொதி கூடியது, அழுத்தம் கூடவில்லை. ஆஞ்சியோடென்சினோஜன் மரபணுவின் பிரதியைக் கூட்டியபோதோ ஒவ்வொரு பிரதிக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. உங்களைப் போன்றவருக்கு முக்கியமானது 2001-ல் வெளியான இன்னொரு எலி ஆய்வு. மூன்று ஏசிஇ பிரதி உள்ள எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைத்தபோது, 12 வாரத்தில் அவற்றுக்கு அழுத்தமும் ஏறியது, சிறுநீரில் புரதமும் கசிந்தது. அதாவது, சாதாரண நிலையில் சும்மா கிடக்கும் ஒரு மாறுபாடு சர்க்கரை சேர்ந்தால் சிறுநீரகத்தின் வழியாக வேலை காட்டக்கூடும். மனிதர்களிடமும் ஏசிஇ ‘டி’க்கும் உயர் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சர்க்கரை நோய்ச் சிறுநீரகப் பாதிப்போடு உள்ள தொடர்பு சிறியது என்றாலும், அதைவிடச் சற்று உறுதியாகத் தெரிகிறது. உங்கள் அறிக்கையில் பயன்படுத்தத்தக்க ஒரே சேதி இதுதான்: சிறுநீரைப் பரிசோதியுங்கள். ஆனால் சர்க்கரை நோய் உள்ள எல்லோருமே அதை வருடம் ஒருமுறை செய்ய வேண்டும், ‘ஐ/ஐ’ உள்ளவரும்தான்.

இரண்டாவது மாறுபாடு ஆஞ்சியோடென்சினோஜனில் 235-ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் த்ரியோனின் இருப்பது. 1992-ல் இது உயர் ரத்த அழுத்தத்தோடு தொடர்புபடுத்தப்பட்டபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. இந்த வகை உள்ளவர்களுக்கு ரத்தத்தில் ஆஞ்சியோடென்சினோஜன் சற்று அதிகம், அது உண்மை. ஆனால் கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பான்மையோருக்கு இருப்பதே த்ரியோனின் வகைதான். பெரும்பான்மையிடம் இருக்கும் ஒன்றைச் சிவப்பில் அச்சிட்டால் யாரை யாரிடமிருந்து பிரித்துக் காட்ட முடியும்?

‘ஆபத்து அதிகம்’ என்ற சொல்லையும் எண்ணாக்கிப் பார்க்க வேண்டும். இத்தகைய ஒரு மாறுபாடு வாய்ப்பு விகிதத்தை (நோய் வருபவர்களை வராதவர்களால் வகுத்தால் கிடைப்பது) 1.2 மடங்கு ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய் உள்ள 100 பேரில் எப்படியும் 60 பேருக்கு உயர் அழுத்தம் வரும் என்றால், அந்த மாறுபாடு உள்ள 100 பேரில் சுமார் 64 பேருக்கு வரும். 60-க்கும் 64-க்கும் உள்ள தூரம்தான் அந்தச் சிவப்பு எழுத்து. அந்த மாறுபாடு இல்லாதவருக்குப் பச்சையில் ‘ஆபத்து குறைவு’ என்று அச்சடித்துக் கொடுத்தால் அவர் அழுத்தம் பார்ப்பதையே விட்டுவிடுவார், எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஒன்றிரண்டு மரபணுவை வைத்து யாருக்கு அழுத்தம் வரும் என்று ஏன் சொல்ல முடியாது என்பதற்குக் காரணம் எளிது. ரத்த அழுத்தத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் பரம்பரையால் வருவது. ஆனால் அது நூற்றுக்கணக்கான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. 2018-ல், 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வோடு இந்த இடங்களின் எண்ணிக்கை 901 ஆனது. ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றுவது பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் கீழே. எல்லாவற்றையும் சேர்த்தாலும் மேல் அழுத்தத்தின் வேறுபாட்டில் விளக்க முடிந்தது சுமார் 6 சதவீதம்தான். அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு, மற்றவர்களுக்கு அதே மதிப்பெண் முறையைப் பயன்படுத்தினால் துல்லியம் இன்னும் குறையும்.

இதைவிட நல்ல மரபணுப் பரிசோதனை ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது: அப்பாவின் வரலாறு. அதில் அந்த 901 இடங்களும், இன்னும் யாரும் கண்டுபிடிக்காதவையும், ஒரே வீட்டுச் சாப்பாட்டுப் பழக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. பெற்றோருக்கு உயர் அழுத்தம் இருந்தால் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு அதிகம் என்பது 1980-களின் கடைசியிலேயே காட்டப்பட்டது. ஆகவே நீங்கள் பயந்தது தவறில்லை, பயத்துக்கான ஆதாரம் எச்சில் குழாயில் இல்லை, அவ்வளவுதான். அப்பாவின் பழைய காகிதங்களைத் தேடி ஒன்றை மட்டும் பாருங்கள்: சிறுநீரகம் செயலிழந்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது? ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் நிறைய நீர்க்கட்டிகள் என்று இருந்தால் அது ஒற்றை மரபணுவால் வரும் வேறு நோய், பிள்ளைக்கு வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதற்கு உங்களுக்கு முதலில் தேவைப்படுவது வயிற்று அல்ட்ராசவுண்ட்.

இப்போது அளவுக்கு வருவோம். ஏழு நாள், காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை. காலை அளவு சிறுநீர் கழித்த பிறகு, காபி, உணவு, மாத்திரை எல்லாவற்றுக்கும் முன்னால். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் புகை, காபி, உடற்பயிற்சி கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசைமேல் வைத்து, கையில் சுற்றும் பட்டை நெஞ்சின் நடு உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் அளவு ஏறக்குறைய 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். உங்கள் 124 அப்படி 132 ஆகியிருக்கலாம், கை மேலே இருந்தால் எதிர்ப்பக்கமும் நடக்கலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டாவது அளவு. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். கருவி சொன்னதை அப்படியே எழுதுங்கள், ‘இது சரியில்லை’ என்று நினைத்து நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து கடைசியை மட்டும் குறிப்பவர்கள் நிறையப் பேர்.

பட்டையின் அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். உங்கள் கை 35 செ.மீ. என்றால் அதே பட்டை அழுத்தத்தைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும், பெரிய பட்டை வாங்க வேண்டும். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, அதிகமாக வரும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்னொரு அளவும் உண்டு, அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். உட்கார்ந்தோ படுத்தோ அளந்தபின் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால், தானியங்கி நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் படுத்தால் அழுத்தம் ஏறும், எழுந்தால் இறங்கும். இதைத் தெரியாமல் மாத்திரையைக் கூட்டினால் தலைசுற்றி விழுவார்கள்.

ஏழு நாள் சராசரி 130/80-க்கு மேலே நின்றால் சந்தேகம் தீர்ந்தது. வீட்டில் நன்றாக இருந்து டாக்டரிடம் மட்டும் ஏறினால் 24 மணி நேரக் கருவி வைத்துப் பார்ப்பது நல்லது. சர்க்கரை நோயில் இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமலே நிற்பது உண்டு, பகலில் எத்தனை முறை அளந்தாலும் அது தெரியாது.

இதோடு மூன்று பரிசோதனை. காலை முதல் சிறுநீரில் அல்புமின் (ரத்தத்திலிருந்து கசியும் புரதம்)–கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின் மற்றும் அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் திறன், பொட்டாசியம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மி.கி.க்குக் கீழே இருந்தால் இயல்பு, 300-ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. ஒரே ஒரு முடிவை வைத்து முடிவெடுக்காதீர்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி, சர்க்கரை எகிறியிருப்பது எல்லாமே அதைத் தற்காலிகமாக ஏற்றும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்றில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் உறுதி. ஆறு வருடச் சர்க்கரை நோய்க்கு இது இதுவரை பலமுறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரையை முன்கூட்டியே ஆரம்பிக்கலாமா என்று கேட்டீர்கள். அழுத்தம், சிறுநீர் அல்புமின், வடிகட்டும் திறன் மூன்றும் இயல்பாக இருக்கும் ஒருவருக்கு, சிறுநீரகத்தைக் காக்க என்று ஏசிஇ தடுப்பானையோ (அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை) சார்ட்டான் வகையையோ (ஆஞ்சியோடென்சின்-2 வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை) கொடுக்க வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. 2011-ல் வெளியான ஓல்மிசார்ட்டான் ஆய்வில் அல்புமின் கசிவு தள்ளிப்போனது, ஆனால் இதய–ரத்தக்குழாய் மரணங்கள் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அதிகமாக இருந்தன. அதற்கு முன் 2006-ல், எல்லையோர அழுத்தம் உள்ளவர்களுக்கு இரண்டு வருடம் கேண்டிசார்ட்டான் கொடுத்துப் பார்த்தார்கள். நிறுத்தியதும் பலன் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

ஆனால் உயர் அழுத்தம் உறுதியானால் கதை வேறு, அப்போது தயங்கக்கூடாது. 1998-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் ஒரு குழுவின் சராசரி 154/87, இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவின் சராசரி 144/82. இந்த 10 புள்ளி வித்தியாசத்துக்கே பக்கவாதம் 44 சதவீதமும் நீரிழிவு சார்ந்த மரணம் 32 சதவீதமும் குறைந்தன. இப்போது இலக்கு அதைவிடக் கீழே, 130/80-க்குள்.

எந்த மாத்திரை என்பதை ‘டி/டி’ தீர்மானிப்பதில்லை. ஏசிஇ அதிகம் என்றால் ஏசிஇ தடுப்பான்தானே பொருத்தம் என்று தோன்றும். ஒரு பெரிய மருந்து ஆய்வில் கலந்துகொண்டவர்களின் மரபணுவை வைத்து 2005-ல் இதைச் சரிபார்த்தார்கள், இந்த மாறுபாட்டால் மருந்தின் பலன் மாறவில்லை. தீர்மானிப்பது சிறுநீர் அல்புமின்தான். கசிவு இருந்தால் ராமிப்ரில் போன்ற ஏசிஇ தடுப்பானோ டெல்மிசார்ட்டான் போன்ற சார்ட்டானோ முதல் தேர்வு. இரண்டில் ஒன்றுதான், சேர்த்துச் சாப்பிட்டால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும். ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை, வடிகட்டியின் உள்ளழுத்தம் குறைந்ததன் அடையாளம் அது. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வறண்டால் தற்காலிகமாக நிறுத்துவதா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வறட்டு இருமல் வந்தால் சார்ட்டானுக்கு மாற்றுவார்கள். முகம், உதடு வீங்கினால் உடனே மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்கு இந்த இரு வகையும் ஆகாது.

உப்பு விஷயத்தில் உங்கள் கேள்வியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. வடிகட்டியில் இறங்கும் அதிகச் சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பி இழுக்கும்போது கூடவே சோடியத்தையும் இழுக்கிறது, உடலில் அதிகமாகச் சுரக்கும் இன்சுலினும் அதையே செய்யச் சொல்கிறது. ரெனின்–ஆஞ்சியோடென்சின் மரபணுக்களும் இதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. மரபணுவை மாற்ற முடியாது, அது பிடித்து வைக்கும் உப்பைக் குறைக்க முடியும். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மேலே தூவுவதைவிடப் பாக்கெட்டிலும் உணவகத்திலும் வருவதில்தான் கவனம் வேண்டும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள் ஒவ்வொன்றிலும் கணிசமான சோடியம் இருக்கும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகப் பரிசோதனை முடிவு தெரியாமல் தொடாதீர்கள். எடை குறைந்தால், ஏறக்குறைய கிலோவுக்கு 1 மி.மீ. இறங்கும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளையும், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளையும் அடிக்கடி சாப்பிட்டால் அழுத்தம் ஏறும். பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிந்தால் உறக்க மூச்சுத்திணறலுக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே சிகிச்சையை மாற்றும் இடங்கள் உண்டு. 30 வயதுக்குள் கடும் அழுத்தம் வந்து, சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடாமலே பொட்டாசியம் குறைந்திருந்தால் லிடில் நோய்க்குறி போன்றவை இருக்கலாம், அதற்கு அமிலோரைடு போல வேறு மருந்து. மெலிந்தவருக்கு இளமையில் சர்க்கரை நோய், கூடவே சிறுநீரக நீர்க்கட்டியும் மெக்னீசியக் குறைவும் இருந்தால் எச்என்எஃப்1பி மரபணு. தாய்வழியில் சர்க்கரை நோயும் காது மந்தமும் சேர்ந்து ஓடினால் மைட்டோகாண்ட்ரியா மாறுபாடு. இவற்றை மருத்துவர் எழுதி, மரபியல் ஆலோசனையோடு செய்ய வேண்டும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத அழுத்தத்துக்கோ பொட்டாசியம் குறைந்தவருக்கோ முதலில் தேவை ஆல்டோஸ்டிரோன் (உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன்)–ரெனின் விகிதம். அது மரபணுச் சோதனை அல்ல, சாதாரண ரத்தப் பரிசோதனை.

உங்கள் மகளுக்கு இந்த அறிக்கை வேண்டாம். நீங்கள் டி/டி என்பதால் அவளுக்கு ஒரு ‘டி’ நிச்சயம் உண்டு, அதைக் கேட்க எச்சில் அனுப்பவே தேவையில்லை, தெரிந்து செய்யப்போவதும் ஒன்றுமில்லை. வருடம் ஒருமுறை சரியான அளவுப் பட்டையில் அவளுக்கு அழுத்தம் பாருங்கள். 13 வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது, மூன்று தனித்தனி வருகைகளில் 130/80-ஐத் தொட்டால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, தாத்தாவின் சிறுநீரக வரலாற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.